தாமதத்துக்கு நிமிடக் கணக்கு

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் கேளுங்கள், காலமும் தூரமும் பாடத்தில் இந்த மாதிரிக் கணக்கைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். வளவனூரிலிருந்து விழுப்புரத்துக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் 6 நிமிடம் தாமதமாகச் சேர்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நேரத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. தூரம் எவ்வளவு? உடனே எக்ஸ் போட்டு, நிமிடத்தை மணியாக மாற்றப் போய் அங்கேயே பலர் சறுக்குவார்கள். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 40-இல் ஒன்றரை நிமிடம், 60-இல் ஒரு நிமிடம். கிலோமீட்டருக்கு அரை நிமிட வித்தியாசம் என்றால், 6 நிமிடத்துக்கு 12 கிலோமீட்டர். இரு வேகங்களையும் பெருக்கி, வேக வித்தியாசத்தால் வகுத்து, மணியாக மாற்றிய தாமதத்தால் பெருக்கும் குறுக்குவழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, விடையும் அதேதான். ஆனால் நடுவில் பஸ் எங்காவது நின்றதாகக் கணக்கில் ஒரு வரி சேர்ந்தால் சூத்திரம் கைவிட்டுவிடும். நிமிடக் கணக்கில் நின்ற நேரத்தை அப்படியே கூட்டிக்கொள்ளலாம்.

இந்தப் பார்வை இன்னொன்றையும் காட்டும். அதே 12 கிலோமீட்டரில் 40-ஐ 60 ஆக்கினால் 6 நிமிடம் மிச்சம். 60-ஐ 80 ஆக்கினால் 3 நிமிடம்தான். 80-ஐ 100 ஆக்கினால் 2 நிமிடம்கூடத் தேறாது. ஆபத்து மட்டும் ஏறும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பொங்கல் நெரிசலில் 10 நிமிடம் போய்விட்டது, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் இன்னும் 24 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வேகம் 60 என்றால், அதை 80 ஆக்கியும் 6 நிமிடமே திரும்பக் கிடைக்கும். பத்தையும் பிடிக்க மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும்.

அப்படியானால் தாமதமாக ஓடும் ரயில் மட்டும் எப்படி எழும்பூருக்குச் சரியாக வந்து நிற்கிறது? நியாயமான கேள்வி. ஓட்டுநர் விரட்டியதால் கிடைப்பது அதில் கொஞ்சம்தான். கடைசிச் சில நிலையங்களுக்கு இடையே ஓட்டத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதல் நிமிடங்களை அட்டவணையிலேயே போட்டுவைக்கிறார்கள். நேரத்துக்கு ஓடும் வண்டி சில நாள் எழும்பூருக்கு முன்னதாகவே வந்துவிடுவதும் அந்த நிமிடங்களால்தான்.