நகவெட்டியும் நம் நலனும்

(கோலா சுங்கை பாரு வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் வீடும் பேசவேண்டிய மேடையில் நகவெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நம்முடைய மூலதனம் இந்தப் பத்து விரல்கள்தாம். விடியுமுன் உளி பிடித்து மரம் வெட்டுகிறோம். கோட்டில் உறைந்த ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி இழுக்கிறோம். நீண்ட நகத்தின் அடியில் பாலும் மண்ணும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. அதே கையால்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். வயிற்றுப் பூச்சியின் முட்டைகள் வாய்க்குப் போகும் வழிகளில் நகத்தடியும் ஒன்று.

அந்த நகத்தை எதனால் வெட்டுகிறோம்? பழைய பிளேடால், பல்லால், சிலர் பால் உளியால்!

எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நீரிழிவுக்காரர். கால் கட்டைவிரல் நகத்தை உளி முனையால் களைந்தார். சிறு கீறல்தான், வலிக்கவில்லை. வலிக்காததே ஆபத்து. நீண்ட நாள் நீரிழிவு கால் உணர்ச்சியை மரக்கச் செய்துவிடும். பூட்ஸுக்குள் புண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வெட்டுக்குப் போனார். கடைசியில் விரலையே எடுத்தார்கள். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதியவர்கள் கிராணிகளாகிய நாங்களே. ஏன் வரவில்லை என்று முதல் நாளே கேட்காத குறை எங்களுடையது.

2019 ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்! இது ஒரு பெரியவரின் கதை மட்டுமல்ல.

நகவெட்டி பெரிய யந்திரமல்ல. 1881 இல் அமெரிக்காவில் ஹெய்ம், மாட்ஸ் என்ற இருவர் அதன் ஒரு வகைக்குக் காப்புரிமை பெற்றார்கள். கடப்பாறையால் கல்லை நெம்புகிற அதே தத்துவந்தான்: நீண்ட பிடியை மெல்ல அழுத்தினால் இரு அலகுகளும் பலமாகக் கடிக்கும்.

குளித்தபின் நகம் இளகியிருக்கும்போது வெட்டுங்கள். கால் நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். முனையை அரத்தால் தேயுங்கள். ஒருவர் நகவெட்டியை மற்றவர் வாங்காதீர்கள். ரத்தம் பட்ட கருவி வழியே மஞ்சட்காமாலைக் கிருமி பரவக்கூடும். அதற்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நம் நாட்டில் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது 1989 இல்தான். அதற்குமுன் பிறந்தோர் பலர். நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பாருங்கள். சிறு புண்ணானாலும் கிளினிக்குக்குப் போங்கள்.

தோட்டத் தொழிலாளியின் வீடு, பிள்ளைக் கொட்டகை, வைத்திய வசதி ஆகியவற்றை 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டம் பேசுகிறது. அந்த உரிமையைக் கேட்போம். ஆனால் நகவெட்டி வாங்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தோழர்களே! மரத்துக்குக் காயம்படாமல் வெட்டுகிறவனையே நல்ல வெட்டுக்காரன் என்கிறோம். முதலாளியின் மரத்துக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நம் விரலுக்கும் காட்டுவோம். உளி மரத்துக்கு, நகவெட்டி நமக்கு.