பெயரோடு எண்ணும் வேண்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிப்பொறியைப் பற்றிப் பேச ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று தாங்கள் எண்ணக்கூடும். பெயர்களோடு நாள்தோறும் போராடுபவன் என்பதே என் தகுதி.

சென்னை சென்ட்ரலை எடுத்துக்கொள்வோம். 1996-இல் மதராஸ் என்னும் பெயர் நீங்கி, ஆங்கிலத்திலும் சென்னை என்றாயிற்று. 2019-இல் நிலையத்துக்கு எம்.ஜி.ராமச்சந்திரன் அவர்களின் பெயர் சூட்டப்பெற்றது. ஆயினும் ரயில்வே குறியீடு இன்றும் பழைய 'எம்.ஏ.எஸ்.' தான். பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் அக்குறியீடு அதே நிலையத்தைக் குறிக்கிறது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நம் சித்தூரைப் போலவே பாலக்காட்டருகிலும் ஒரு சித்தூர் இருக்கிறது. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. அஞ்சல் எண் 517 என்று தொடங்கினால் நம்மூர். 678 என்று தொடங்கினால் கேரளத்து ஊர்.

'பைத்தான்' என்னும் கணிப்பொறி மொழிக்கும் இக்கதி நேர்ந்தது. 2008 டிசம்பரில் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. இரண்டாம் பதிப்பில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 என்றே விடை வரும்; மூன்றாம் பதிப்பில் 2.5 வரும். ஆனால், 'பைத்தான்' என்று கட்டளையிட்டால் எழுந்து வருவது எந்தப் பதிப்பு? லினக்ஸ் வகைகளுள் ஆர்ச் என்பது 2010-இலேயே அப்பெயரை மூன்றாம் பதிப்புக்கு அளித்தது. மற்றும் பல வகைகளில் அது நெடுங்காலம் இரண்டாம் பதிப்பையே குறித்தது. புதியதை வேண்டுவோர் 'பைத்தான்3' என்று எண்ணோடு எழுத வேண்டியிருந்தது. விண்டோஸிலோ 2012 முதல் 'பை' என்னும் தனிக் கட்டளையும் வந்தது. 2020 ஜனவரி முதல் நாளோடு இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு நின்றது. எனினும் பழைய இயந்திரங்களில் அது இன்னும் உறங்குகிறது.

அந்த உறக்கத்தால் என் வீட்டில் ஒரு மனத்தாங்கல் விளைந்தது. பொங்கல் விழாச் செலவு ரூ.14,775. அதை 50 குடும்பங்களுக்குப் பங்கிட என் இளைய மகன் நண்பர் வீட்டுப் பழைய கணிப்பொறியில் கணக்கிட்டு, வீட்டுக்கு ரூ.295 வசூலித்தான். முடிவில் ரூ.25 குறைந்தது. பையன் எடுத்துச் செலவழித்தான் என்று கருதிக் கடிந்துகொண்டேன். அவன் கண்ணீரோடு அதே கணக்கை எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் இட்டுக் காட்டினான். ரூ.295.50 என்று வந்தது! எழுதிய வரி ஒன்றே, கட்டளையின் பெயரும் ஒன்றே, பதிப்பு வேறு. பழைய பதிப்பு வீட்டுக்கு ஐம்பது காசை ஓசையின்றி விட்டுவிட்டது. மகனிடம் வருத்தம் தெரிவித்தேன், வேறென்ன செய்ய?

மாணவச் செல்வங்களே! கணக்கை இடுமுன் எந்தப் பதிப்பு என்று கணிப்பொறியைக் கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் நிரலின் தலைப்பில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளை ஐயுறுமுன் நாமும் அதைக் கேட்போமாக.