முட்டை அவிந்தால் தீட்டா?



தாமிரபரணிப் பாசன ஊர்களில் வீட்டில் வளர்த்த வாத்தின் முட்டைக்குக் கிராக்கி உண்டு. மூலச்சூட்டுக்கு நல்லது என்று நம்பி, காலனி வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிப் போவார்கள். பச்சை முட்டைதான். அதையே அந்த வீட்டு அம்மா அவித்து, மிளகு தூவிக் கொடுத்தால்? கை நீளாது. முட்டை அதே முட்டை. நடுவில் வந்தது அவர் அடுப்பும் அவர் கையும். சாதி அந்தக் கையைத்தான் பார்க்கிறது.

பழங்கதை பேசவில்லை. 2023 செப்டம்பரில் நம் தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி தொடக்கப்பள்ளியில், தலித் பெண் சமைக்கிறார் என்று பெற்றோர் தடுக்க, பிள்ளைகள் பலர் காலை உணவைத் தொடவில்லை. கனிமொழி எம்.பி. நேரில் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 1956இல் காமராசரின் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதும் இதே எட்டயபுரத்தில்தான்!

1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்த முட்டை, 2010இல் வாரம் ஐந்தானது. பெருமைதான். ஆனால் முட்டையை மட்டும் எண்ணினால் போதுமா? அதை அவிப்பது யார்? சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் முன்னுரிமை தரச் சொல்லி 2004இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளி அடுப்படியில் யார் நிற்கிறார் என்று விசாரியுங்கள்.

வாத்து முட்டை வாங்கிவரும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள்: "அவங்க அவிச்சுத் தந்தா சாப்பிடுவீங்களா?"