இளைஞர்களிடம் பொறுப்பை ஒப்படைப்போம்



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி, இறையச்சத்தைக் கொண்டு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்தவனாகத் தொடங்குகிறேன்.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி நாள்களில், ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்படவிருந்த படைக்கு உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். அவருக்கு அப்போது வயது 18 என்றும் 20 என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தந்தை விடுதலை பெற்ற அடிமை. தாயார் அபிசீனியப் பெண்மணி. படையிலோ உமர் (ரலி) போன்ற மூத்த தோழர்கள் இருந்தனர். சிலர் முணுமுணுத்தனர். அச்செய்தி எட்டியதும் நபியவர்கள் நோயுற்ற நிலையிலும் மிம்பரில் ஏறி, இவருடைய தலைமையைக் குறைகூறுவோர் முன்பு இவர் தந்தையின் தலைமையையும் குறைகூறியவர்களே எனக் கண்டித்து, இருவரும் அதற்குத் தகுதியானவர்களே என்று உறுதிபடக் கூறினார்கள்.

நபியவர்களின் மறைவுக்குப் பின், அப்படையை வழியனுப்ப வந்த கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் நடந்து வந்தார்கள். உஸாமா (ரலி) வாகனத்தின் மீது அமர்ந்திருந்தார். உமர் (ரலி) அவர்களைத் தம்முடன் மதீனாவில் நிறுத்திக்கொள்ள விரும்பிய கலீஃபா, அதற்காகக் கட்டளை எதுவும் பிறப்பிக்கவில்லை. அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டார்கள்! பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அதன் அதிகாரத்தையும் கொடுத்தாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

நாம் என்ன செய்கிறோம்? ரமளானில் கஞ்சி காய்ச்சவும், கோத்தோங் ரோயோங்கில் துடைப்பம் பிடிக்கவும் இளைஞர்களை அழைக்கிறோம். கணக்கு ஏட்டை அவர்களுக்குத் திறந்து காட்டுகிறோமா? நிர்வாகக் கூட்டத்தில் ஓர் இருக்கை தருகிறோமா? (நிர்வாகிகள் வருந்த வேண்டாம், உங்கள் முன்னிலையில்தான் சொல்கிறேன்.)

நமது மலேசிய நாடு இவ்விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஆதரித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் 18 முதல் 20 வயது வரையிலான ஏறத்தாழ 14 லட்சம் பேர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். வேட்பாளராக நிற்கவும் 18 வயது போதும்.

இளைஞர்களே, உரிமை வந்துவிட்டது. அதை எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள்? நபித்துவத்திற்கு முன், தமது இளமைப் பருவத்தில், நபியவர்கள் ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ எனும் உடன்படிக்கையில் பங்கேற்றார்கள். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்பது என்பதே அதன் நோக்கம். நபியான பின்னரும், அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்ற கருத்தில் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். முஸ்லிமல்லாதாரோடு சேர்ந்து நன்மை செய்வதில் தயங்குவோர் இதைச் சிந்திக்கட்டும்.

2021இல் நோய்த்தொற்றுக் காலத்தில் வருமானமிழந்த குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி ஏற்றியது நினைவிருக்கிறதா? உள்ளே இருப்பவர் மலாய்க்காரரா, சீனரா, இந்தியரா என்று விசாரித்துவிட்டா அரிசி மூட்டை வந்தது? பல இடங்களில் அதைச் சுமந்து சென்றவர்கள் இளைஞர்களே. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே இறைவன் மனிதரைப் பல கோத்திரங்களாக ஆக்கியதாக ஸூரத்துல் ஹுஜுராத்தில் அறிவிக்கிறான். அடுத்த வீட்டுச் சீனப் பிள்ளையின் பெயராவது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

பெற்றோர்களே! பொதுக் காரியம் என்றதும் “நமக்கேன் வம்பு” என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வாக்காளர் பதிவு இப்போது தானாகவே நடக்கிறது. ஆனால் அடையாள அட்டையிலுள்ள முகவரிப்படிதான் தொகுதி அமைகிறது. வீடு மாறிய பின் முகவரியை மாற்றாதவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையின் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

பாரகல்லாஹு லீ வலகும்.