விமானம் வழியில் நின்றால் விசா வேண்டுமா?

 

வெளியூர் பஸ்ஸில் போயிருப்பீர்கள். நடுவழியில் பஸ் டீசல் போட நிற்கும். சிலர் இறங்கி டீ குடிப்பார்கள். சிலர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குவார்கள். பிறகு பஸ் புறப்படும். 'நீ யார்? எந்த ஊருக்குப் போகிறாய்?' என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்பதில்லை.

விமானமும் சில சமயம் இப்படி வழியில் நிற்கிறது. எரிபொருள் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்புகிறது. ஆனால் அது நிற்கும் இடம் வேறு ஒரு நாடு. ஒரு நாட்டுக்குள் நுழைய அந்த நாட்டின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்குத்தான் விசா என்று பெயர்.

அப்படியானால், எரிபொருள் போட நிற்கும் நாட்டுக்கும் விசா வாங்க வேண்டுமா? இதில் பலருக்குக் குழப்பம். சிலர் தேவை இல்லாமல் பயப்படுகிறார்கள். சிலர் தேவையான விசாவை வாங்காமல் போகிறார்கள். விமான நிலையத்திலிருந்தே வீடு திரும்புகிறார்கள். டிக்கெட் பணம் போகிறது. மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டிய தாய் போக முடியாமல் தவிக்கிறார்.

இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

ஓர் அம்மாவின் பயம்

ஓர் அம்மாவை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது அறுபது. அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார். டெல்லியில் விமானம் ஏறினார். பல மணி நேரம் கழித்து விமானம் தரை இறங்கியது. பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அமெரிக்கா வந்துடுச்சா?"

"இல்லைம்மா. இது வியன்னா. ஆஸ்திரியா நாடு. எரிபொருள் போட நிக்குது."

"ஐயையோ! என்கிட்ட அமெரிக்கா விசா மட்டும்தானே இருக்கு. இந்த நாட்டுக்காரங்க பிடிச்சுக்க மாட்டாங்களா?"

"நீங்க இறங்கப் போறதில்லையேம்மா. சீட்டுலேயே உட்காருங்க. கொஞ்ச நேரத்துல கிளம்பிடும்."

அந்தத் தம்பி சொன்னது சரி. அந்த அம்மா விமானத்தை விட்டு இறங்கவில்லை. ஆஸ்திரியாவுக்குள் நுழையவும் இல்லை. அதனால் அவரிடம் ஆஸ்திரியா விசா கேட்கப்படவில்லை.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. அதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

விமானம் ஏன் நிற்கிறது?

ஒரு விமானம் ஓரளவு எரிபொருளைத்தான் சுமக்க முடியும். அந்தக் காலத்து விமானங்களால் அதிக தூரம் பறக்க முடியாது. ஏர் இந்தியாவின் முதல் லண்டன் விமானம் 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்டது. அது எகிப்தில் உள்ள கெய்ரோவிலும், சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவாவிலும் நின்றுதான் லண்டன் போனது.

பிற நாட்டு மண்ணில் விமானம் இறங்க ஓர் ஏற்பாடு வேண்டும் அல்லவா? 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடிப் பேசின. இந்தியாவும் அதில் கலந்துகொண்டது. எரிபொருள் போடுவதற்காக மட்டும் விமானம் இறங்கலாம், அங்கே பயணிகளை இறக்கவோ ஏற்றவோ கூடாது என்ற முறை அப்போது வகுக்கப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அது விமானத்துக்குக் கிடைத்த அனுமதி. பயணிக்குக் கிடைத்த அனுமதி அல்ல. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

இன்று விமானங்கள் 15 மணி நேரத்துக்கு மேலும் நிற்காமல் பறக்கின்றன. ஆனாலும் வழி சுற்றாகிப் போனால் எரிபொருள் போதாது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா, கனடா போகும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டி வந்தது. அவற்றில் சில, ஆஸ்திரியாவின் வியன்னாவிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டன.

வியன்னாவில் நடந்தது

2025 ஜூலை 2. டெல்லியிலிருந்து வாஷிங்டன் போகும் ஏர் இந்தியா விமானம் வியன்னாவில் இறங்கியது. எரிபொருள் போடத்தான் இறங்கியது. அப்போது விமானத்தைச் சோதித்தார்கள். சரிசெய்ய நேரம் பிடிக்கும் வேலை ஒன்று இருப்பது தெரிந்தது. அங்கிருந்து வாஷிங்டன் போவது ரத்தானது. எல்லோரும் இறங்க வேண்டி வந்தது.

ஒரே விமானத்தில் வந்தவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்தார்கள். விசா இல்லாமலே ஆஸ்திரியாவுக்குள் போகக்கூடிய நாட்டினரும், ஐரோப்பிய விசா வைத்திருந்தவர்களும் ஒரு பிரிவு. அவர்களுக்கு ஓட்டலில் தங்க இடம் கிடைத்தது. அந்த விசா இல்லாதவர்கள் இன்னொரு பிரிவு. அவர்களை டெல்லிக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு நடந்தது.

இவர்கள் மீது என்ன தவறு? ஒன்றும் இல்லை. டிக்கெட் சரி. அமெரிக்கப் பயணத்துக்கான காகிதமும் சரி. ஆனால் விமானத்தின் படியை விட்டு இறங்கியதும் அந்த நாட்டுச் சட்டம் வந்துவிடுகிறது.

இப்படி நடப்பது அபூர்வம். இதற்குப் பயந்து வழியில் உள்ள எல்லா நாட்டு விசாவையும் யாரும் வாங்கத் தேவை இல்லை. நடுவழியில் பழுது வந்தால் உதவியும் கிடைக்கும். 2023 ஜூன் 6 அன்று, டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன விமானத்தின் எஞ்சினில் கோளாறு. அது ரஷ்யாவின் மகதான் நகரில் இறங்கியது. அதில் 216 பயணிகள் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வேறு விமானம் வந்து அழைத்துப் போனது.

எதிர்பாராமல் இறங்குவது வேறு. முன்பே தெரிந்து இறங்குவது வேறு. முன்பே தெரிந்த இடத்துக்கு நாம்தான் தயாராக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம்

வழியில் இறங்கி, விமான நிலையத்தின் உள்ளேயே காத்திருந்து, அடுத்த விமானம் ஏறுவது உண்டு. இதற்குப் பல நாடுகள் விசா கேட்பதில்லை. சில நாடுகள் கேட்கின்றன. அதற்கு டிரான்சிட் விசா என்று பெயர். வழியோடு போகிறவருக்கான விசா என்று பொருள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் லண்டனில் விமானம் மாறிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊருக்குள் போகவில்லை. ஆனாலும் அவருக்குப் பிரிட்டனின் டிரான்சிட் விசா வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு.

எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதும் முக்கியம். ஆஸ்திரியா உட்பட ஐரோப்பாவின் 29 நாடுகள் ஒரே விசா முறையில் சேர்ந்திருக்கின்றன. அந்த நாடுகளின் விமான நிலையத்தில் விமானம் மாற, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு டிரான்சிட் விசா வேண்டும். அவருக்கும் சில விலக்குகள் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போனார், உறவினர் போனார் என்று நம்பிப் புறப்படக் கூடாது. அவர் பாஸ்போர்ட் வேறாக இருக்கலாம். அவர் விசா வேறாக இருக்கலாம்.

அமெரிக்காவின் சட்டம் இன்னும் கடுமை. விசா இல்லாமல் வழியோடு போகும் வசதியை அந்த நாடு 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. லண்டனிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு ஒரு விமானம் 2020 வரை போய்க்கொண்டிருந்தது. அது நடுவில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சில் நிற்கும். பயணிகள் எல்லோரும் அங்கே இறங்க வேண்டும். அமெரிக்க அதிகாரிகளின் சோதனை முடிந்த பிறகே மறுபடி ஏற வேண்டும். அதில் போகும் இந்தியருக்கு நியூசிலாந்து விசா மட்டும் போதாது. அமெரிக்க விசாவும் வேண்டும். விமானத்தின் எண் மாறவில்லை. டிக்கெட்டும் ஒன்றுதான். ஆனாலும் விசா வேண்டும்.

டிக்கெட் வாங்கும் முன் நான்கு கேள்விகள்

1. விமானம் வழியில் எங்கே நிற்கும்? 'டைரக்ட்' என்று சொன்னால் நிற்காமல் போகும் என்று பொருள் அல்ல. ஒரே எண்ணில் போகும் விமானமும் வழியில் நிற்கலாம். நிற்காமல் போகும் விமானத்தை 'நான்ஸ்டாப்' என்பார்கள்.

2. அங்கே பயணிகள் இறங்க வேண்டுமா? உள்ளேயே இருக்கலாமா?

3. பெட்டி கடைசி ஊருக்கு நேராகப் போகுமா? விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட் வாங்குபவர்கள் உண்டு. அப்போது வழியில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம். வெளியே வர அந்த நாட்டுக்குள் நுழையும் விசா வேண்டும். விமான நிலையத்தின் உள்ளேயே காத்திருப்பதற்கான டிரான்சிட் விசா போதாது.

4. என் பாஸ்போர்ட்டுக்கும் என்னிடம் உள்ள விசாவுக்கும் அந்த நாடு டிரான்சிட் விசா கேட்குமா?

இந்த நான்கையும் விமானக் கம்பெனியிடம் கேளுங்கள். அந்த நாட்டுத் தூதரகம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறும். போன வருடத்துப் பதில் இந்த வருடத்துக்கு உதவாது. 'ஒன்றும் ஆகாது, போங்கள்' என்று ஏஜெண்ட் சொன்னால் அதை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

விமான நிலைய கவுண்டரில் இருப்பவர் கணினியில் விதியைப் பார்க்கிறார். சரியான விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமானக் கம்பெனிக்கு அபராதம் விழலாம். அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் கம்பெனிக்கு வரும். அதனால்தான் அவர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். அங்கே நின்று அழுதாலும் கெஞ்சினாலும் பயன் இல்லை. கேட்க வேண்டிய இடம் கவுண்டர் அல்ல. டிக்கெட் வாங்கும் இடம்.

கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் ஆகிய மூன்றையும் கைப்பையில் வையுங்கள். மருந்து, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்று உடை ஆகியவையும் அதிலேயே இருக்கட்டும். வழியில் இறங்க நேர்ந்தால் பெரிய பெட்டி உடனே கைக்கு வராது.

ஒரு சிறு அட்டையில் போகும் ஊர், விமான எண், மகன் அல்லது மகளின் போன் எண் இவற்றை எழுதுங்கள். ஒரு பக்கம் தமிழில் நீங்களே எழுதுங்கள். மறுபக்கம் ஆங்கிலத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். மொழி தெரியாத ஊரில் அந்த அட்டை உங்களுக்காகப் பேசும்.

டிக்கெட்டை நீங்களே ஒரு முறை பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும். தேதி, நேரம், விமான எண் எல்லாம் எண்கள்தான். விசா எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் எண்தான். படிக்கக் கற்றுக்கொண்டது இதற்கும் உதவும்.

அந்த அம்மா வியன்னாவில் பயந்தார். ஏன்? வழியில் விமானம் நிற்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த முறை புறப்படும்போது அவர் கேட்பார். நீங்களும் கேளுங்கள்.