வெள்ளத்தின் அரண்களும் பொது நிலப்படமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும், இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நீரும் நிலமும் பற்றியது. நம் முன்னோர் வந்து குடியேறிய கரமனையும், வலியசாலையும், சாலைக் கம்போளமும் ஆற்றுக்கும் தோட்டுக்கும் அருகில் அமைந்தவை. அந்நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே போகிறது, இடையே நம்மைக் காப்பது எது என்பதை அறியாமல் இந்நகரில் வாழ்தல் அறிவுடைமை ஆகாது.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தை எவரும் மறந்திருக்க முடியாது. கேரளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில், எந்த வீட்டில் யார் சிக்கியுள்ளனர் என்ற செய்தி ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. ஆனால், அவ்வீட்டுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையும், இடையில் உள்ள தோடும் பாலமும் பல நிலப்படங்களில் இல்லை. தன்னார்வ இளைஞர்கள் இரவும் பகலும் அமர்ந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, பாதைகளையும் வீடுகளையும் வரைந்தனர். அவர்கள் வரைந்த இடம் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது நிலப்படம். 2015ஆம் ஆண்டில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்தது இந்நிலப்படத்தின் மீதுதான்.

இது யாது என வினவலாம். 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, உலகெங்கும் உள்ள மக்களால் வரையப்பட்டு வரும் நிலப்படம் இது. எவரும் திருத்தலாம், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். இத்தரவை மேம்படுத்தி வெளியிடுவோர் அதனையும் அதே உரிமையில் பிறர்க்குத் தரவேண்டும். அனுமதியின்றித் தனியார் நிறுவனங்களின் படங்களைப் பார்த்துப் படி எடுத்தல் கூடாது. இவையே இதன் நெறிகள்.

நிலப்படம் வரைதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர்கள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து படமும் விவரமும் எழுதினர். அது அரசுக்காக அளந்த படம். இன்று நாம் கூறுவதோ குடிமக்கள் தமக்காகத் தாமே வரையும் படம். இவ்வேறுபாடு சிறிதன்று.

இனி வெள்ளத்தின் அரண்களுக்கு வருவோம். அவை இருவகை. இயற்கை தந்தவை ஒன்று. மனிதர் கட்டியவை மற்றொன்று. பொது நிலப்படத்திலும் இவ்விரண்டிற்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. சதுப்பு நிலம், அலையாத்திக் காடு, மணற்கரை ஆகியன இயற்கையின் கீழ் வரும். கரைமேடு, அலைத்தடுப்பு ஆகியன கட்டுமானத்தின் கீழும், மதகு, தடுப்பணை ஆகியன நீர்வழியின் கீழும் வரும்.

இந்நகரில் இவற்றை எங்கே காண்பது? வெள்ளாயணிக் காயலையும் அதனைச் சூழ்ந்த தாழ்ந்த வயல்களையும் எண்ணிப் பாருங்கள். மழை கொட்டும்போது அந்நிலம் நீரை வாங்கித் தேக்கி, பின்னர் மெல்ல விடுகிறது. அதனை மண்ணிட்டு மேடாக்கினால், அவ்வளவு நீரும் அயலார் வீட்டு முற்றத்திற்கு வரும். இதனை உணர்ந்தே 2008ஆம் ஆண்டில் கேரள அரசு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஆனால், நிலப்படத்தில் வயல் குறிக்கப்படாமல் வெற்றிடமாகக் கிடந்தால், பார்ப்பவர் அதனைப் பயனற்ற காலி நிலம் என்றே கருதுவர். பெயரிட்டு, எல்லை வரைந்து, நெல்வயல் என்று குறித்துவிட்டால், அது மறைவது அனைவர் கண்ணிலும் படும்.

கடற்கரை மணலும் ஓர் அரணே. சங்குமுகத்தில் மணல் அரிக்கப்பட்டுக் கரை குறுகியபின், அலை சாலையையே தாக்கியது. 2021ஆம் ஆண்டு மே மாதக் கடற்சீற்றத்தில் அச்சாலை இடிந்து வீழ்ந்தது.

வேளியிலும் பூந்துறையிலும் உள்ள பொழிமுகம் வேறொரு பாடம் புகட்டும். வறண்ட காலத்தில் மணல்திட்டு கடலையும் காயலையும் பிரித்து நிற்கும். உப்புநீர் உள்ளே வாராது காக்கும். பெருமழையிலோ அதே திட்டு ஊர்நீர் கடலுக்குச் செல்லாது மறிக்கும். வெட்டித் திறந்தாலன்றி வெள்ளம் வடியாது. ஒரே பொருள் ஒரு பருவத்தில் அரண். மற்றொரு பருவத்தில் தடை.

கட்டியவற்றிலும் இத்தகைய மயக்கம் உண்டு. கரமனை ஆற்றின்மீது அருவிக்கரை, பேப்பாறை என இரண்டு அணைகள் உள்ளன. அணை என்றவுடன் வெள்ளத்தைத் தடுக்கும் என எண்ணுவது இயல்பு. இவை நகருக்குக் குடிநீர் தருவதற்காகவே முதன்மையாக எழுந்தவை. ஆதலின், படத்தில் அணை என்று இருப்பதால் மட்டும் அதன் கீழே வாழ்வோர் அச்சமின்றி உறங்கலாகாது.

மிகவும் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத வடிகால். தம்பானூர் மழைதோறும் மூழ்கியதன் காரணத்தைத் தேடி, 2015ஆம் ஆண்டில் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் மாவட்ட நிர்வாகம் வடிகால்களைத் தோண்டிப் பார்த்தது. ஆக்கிரமிப்பாலும் கழிவாலும் அடைபட்ட பல நீர்வழிகள் அப்போது வெளிப்பட்டன. ஆமயிழஞ்சான் தோடு ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் பகுதியில், 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம், குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார். நாம் வீசிய குப்பையை அகற்றப் போனவர் அவர். அத்தோடு எங்கே மறைகிறது, எங்கே வெளிப்படுகிறது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? நாள்தோறும் அதன்மேல் நடந்து செல்கிறோம், அவ்வளவே.

அன்பர்களே, நிலப்படம் வெள்ளத்தைத் தடுக்காது. கரைமேடு என ஒரு கோடு வரைந்தால், அதன் உயரமும் உறுதியும் அக்கோட்டில் தெரியா. சென்ற ஆண்டு வரைந்த மதகு இவ்வாண்டு துருப்பிடித்துக் கிடக்கலாம். தவறான படம் தவறான நம்பிக்கையைத் தரும். அது படமே இல்லாததினும் தீது. மேலும், தோட்டோரம் குடிசை அமைத்து வாழும் ஏழை மக்கள், தம் குடிசையைப் படத்தில் வரைவது தம்மை வெளியேற்றுவதற்கோ என அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானது. ஆதலின் அவர்களிடம் கேட்டு, அவர்களோடு சேர்ந்து வரைதலே அறம். வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இலர். தனி மனிதர் பெயர்கள் படத்தில் ஏறலாகாது.

இப்பணியில் நம் சங்கம் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, கோடைக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை நம் இளைஞர்கள் குழுவாகப் புறப்பட்டு, கிள்ளியாறு கரமனை ஆற்றோடு கலக்கும் பள்ளத்துக்கடவு வரை கரையோரம் நடக்கட்டும். கரை எங்கே கல்லால் கட்டப்பட்டுள்ளது, எங்கே இடிந்துள்ளது, எங்கே வடிகால் வந்து விழுகிறது என்பதைக் கண்ணால் கண்டு, கைப்பேசியில் குறிக்கட்டும். நிலத்தில் உள்ளதை மட்டுமே குறித்தல் இந்நிலப்படத்தின் தலையாய நெறிகளுள் ஒன்று.

இரண்டாவதாக, பெயர்கள். ஓர் இடத்திற்கு மலையாளப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் அதில் எழுத இடமுண்டு. மலையாளத்தில் தோடு, சிற, பொழி என்பர்; தமிழில் ஓடை, மதகு, கலிங்கு, மடை என்போம். இச்சொற்கள் அனைத்தும் நீரோடு பழகிய மக்கள் படைத்தவை. அவற்றைப் படத்தில் ஏற்றுவதும் ஒரு மொழித்தொண்டே.

மூன்றாவதாக, நம் முதியோர். மண்மூடிப் போன குளமும், சாலையாகிவிட்ட ஓடையும் எங்கே இருந்தன என்பது அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளது. இன்று இல்லாததைப் பொது நிலப்படத்தில் வரைய இயலாது. ஆயினும் அதனைத் தனி ஏட்டில் எழுதிச் சங்க நூலகத்தில் வைக்கலாம். மூடிய குளத்தை நாம் மறந்தாலும் மழைநீர் மறப்பதில்லை. ஆண்டுதோறும் அங்கேயே வந்து நிற்கிறது.

2018க்குப் பின், ஆற்றுக்கு இடம் விடுதல் என்னும் நெதர்லாந்து நாட்டுக் கொள்கையைக் கேரளமும் கருத்தில் கொண்டது. அவ்விடம் எது என்பதை முதலில் காட்டியாக வேண்டுமன்றோ? அதனைக் காட்டும் பணியில் நமக்கும் பங்கு உண்டு. இவ்வூரின் நீரைக் குடித்து வாழும் நாம், இவ்வூரின் நீர்வழியைக் காக்கும் கடமையும் உடையோம்.

அடுத்த ஆண்டு விழாவிற்குள் கிள்ளியாற்றின் ஒரு கரையையேனும் நம் சங்கத்தார் நடந்து குறித்தனர் என்ற செய்தியை இம்மேடையில் கேட்க விழைகின்றோம். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!