கடைமடைக்கு வரும் தண்ணீர்

2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மழை கொட்டியது மேலே. தென்பெண்ணை கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தது கீழே, கடலூரில். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரைக் கிராமங்களுக்கும் இதே கதைதான்: மேட்டூர் நிரம்பினால், உள்ளூரில் வெயிலடிக்கும் நாளிலும் வெள்ளம் வரும். திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து என்பது நியாயமான பேச்சு. 'ஆற்றோரம் ஏன் குடியிருக்க வேண்டும், காலி செய்வதுதானே' என்ற கேள்விதான் இடிக்கிறது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையும் உப்பனாற்றங்கரையில்தான் இருக்கிறது. அதைக் காலி செய்யச் சொல்லி யாரும் இவ்வளவு எளிதாகப் பேசுவதில்லை. படகும் வலையும் முகத்துவாரத்தில் கிடக்க, வீட்டை மட்டும் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கொடுத்தால், விடிவதற்கு முன் கடலுக்குப் போகிறவர் எந்தப் பேருந்தைப் பிடிப்பார்?

ஆளை அகற்றாமல் காக்கவும் வழி உண்டு. 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. காடு வளர நாளாகும், சரி. வெள்ள முன்னறிவிப்பைத் திருத்த நாளாகாது. கன அடிக் கணக்கைக் கேட்டு யாரும் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற முடியாது. தண்ணீர் தன் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், முழங்காலளவா இடுப்பளவா என்று தெரிந்தால் ஏற்றிவிடுவார்கள்.